அ.சா. 2

தொடரில் வரும் அலுவலகத்துக்குக் கண்ணாடிச் சுவர்.
அதிரா என்றொரு அரசு வழக்கறிஞர்
காபிக் கோப்பையோடு நடந்துகொண்டே
சட்டப் பிரிவு சொல்கிறாள்;
பின்னால் மூன்று பேர் ஓடி வருகிறார்கள்.
யார் கையிலிருந்தும் ஒரு காகிதம் நழுவுவதில்லை.

எங்களுக்கு நாலு மேசை, மூணு மின்விசிறி.
மேலூர் ரோட்டைப் பார்த்த ஜன்னலில்
ஒரு கதவு சாத்தாது.
மாட்டுத்தாவணி பஸ்ஸெல்லாம்
நான் படிக்கும் வாக்குமூலத்துக்குள்
புகுந்துதான் திரும்பும்.
காலையில் காதர் மைதீன்
நாடாவைப் பல்லில் கவ்வியபடி
கட்டுகளைப் பிரித்துக்கொண்டே
முந்தின நாள் பகுதியைச் சொல்வார்.
எனக்குத் தெரிந்த கதையெல்லாம் அவர் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமையோடு
கூண்டில் ஒரு பெண்
வாய் திறந்தபடி நிற்கிறாளாம்.
"திங்கக்கெழம சொல்லிருவா மேடம்,
சொல்லாம எங்க போறது?"

திங்கட்கிழமை எங்கள் கூண்டில் விருமாயி.
செக்கானூரணிக்குத் தெற்கே ஓர் ஊர்.
பத்து வட்டிக்கு வாங்கிய முப்பதாயிரம்.
டயர் கழற்றும் கம்பி.
மகனின் வலது முழங்கை.
காவலரிடம் எல்லாம் சொல்லியிருந்தாள்:
கம்பியில் இருந்த கிரீஸ்,
அடிக்க வந்தவன் வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வந்தது.
அந்தச் செருப்பை நான் நம்பினேன்.
பொய் சொல்கிறவர்களுக்குச்
செருப்பெல்லாம் தோன்றாது.

எதிரியைத் தெரியுமா?
"தெரியாதுங்கய்யா."
சம்பவத்தன்று எங்கே இருந்தீர்கள்?
"பருத்தி எடுக்கப் போயிட்டேன்."

ஐப்பசியில் எந்தக் காட்டில் வெடிக்கும் பருத்தி?
திரும்பிப் பார்த்தேன்.
மூன்றாவது பெஞ்சில் எதிரியின் தம்பி
விருமாயியின் பேத்திக்கு
முறுக்கு பாக்கெட்டைப் பிரித்துக்
கொடுத்துக்கொண்டிருந்தான்.

எழுந்தேன். பதினோரு வருஷமாக அதே வரி:
இந்தச் சாட்சியைப் பிறழ் சாட்சியாகக் கருதி
குறுக்கு விசாரணை செய்ய அனுமதிக்க வேண்டும்.
அய்யா தலை நிமிராமல் அனுமதித்தார்.
பன்னிரண்டு கேள்விகள் கேட்டேன்.
ஏழாவதிலிருந்து தட்டச்சர்
அவள் வாயைத் திறக்கும் முன்பே
'என்றால் சரியல்ல' என்று அடித்துவிட்டார்.

மதியம் ஜெராக்ஸ் கடை நிழலில்
பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தேன்.
வந்து நின்றாள்.
மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்து
முகத்தை அதற்குத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"யம்மா, ஒம்போதரைக்கு ஒரு கோர்ட்டு நாடகம் போடுறான்ல,
அந்தப் பொம்பள இன்னைக்குச் சொல்லிருவாளா?"

நான் பார்ப்பதில்லை என்றேன்.

"சொல்லிரணும்.
அவளுக்கென்ன,
வெளக்க அணச்சதும் வேற சேலை மாத்திக்கிட்டு
வேற ஒரு வீட்டுக்குப் போயிருவா."

பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.
குழந்தை கையில் முறுக்கு
இன்னும் பாதி இருந்தது.

இரவு, ஆனையூரில் என் வீட்டில்,
முதல்முறையாக அந்தச் சேனலைப் போட்டேன்.
சொல்லிவிட்டாள்.
விரலை நீட்டி, அழுது, பெயர் ஊரோடு சொல்லிவிட்டாள்.
நீதிபதி மரச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்.
நம் ஊர் நீதிமன்றத்தில் சுத்தியலே கிடையாது;
அதைச் சொல்லிச் சிரிக்க
பக்கத்தில் யாரும் இல்லை.
மன்றம் எழுந்து கைதட்டியது.
கைதட்டலை மூன்று கோணத்தில் காட்டினார்கள்.

கட்டைப் பிரித்தேன்.
அ.சா. 4, மினி பஸ் நடத்துநர், வியாழக்கிழமை.
சம்மன் சேர்ந்ததா என்று
ஏட்டு தவமணிக்குப் போன் போட்டேன்.
"சேந்துருச்சும்மா. வந்துருவாப்ல."
வருவார் சரி. என்ன சொல்வார்?

அவர் பதில் சொல்லவில்லை.
அவர் வீட்டிலும் அதே மன்றம்
கைதட்டிக்கொண்டிருந்தது,
என் வீட்டைவிட
அரை நொடி பிந்தி.